கேமராவுக்குப் பூசிய திருநீறு

‘மேட்டு லைன்’ – அத்தியாயம் பதினேழு

தேயிலைத் தோட்டத்து மேட்டு லைனின் கடைசி வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்று ருக்குமணியுடையது, மற்றது பவளத்தினுடையது. நெத்திலிக் குழம்பில் புளி கூடிப்போனதில் ஆரம்பித்து, யார் யாரை வளர்த்து ஆளாக்கியது என்பதில் போய் முடிந்த சண்டை. அதற்குப் பிறகு ஒரே அடுப்படியில் இரண்டு ராஜ்யம். உப்பு ஜாடி மட்டும் பொது.

நடுவில் அகப்பட்டுக்கொண்டவன் சாம்பசிவம். பவளத்தின் புருஷன், ருக்குமணியின் கொழுந்தன். தாய் இல்லாத பையனாக இருந்தவனை வளர்த்தவள் அண்ணிதான். அவள் பெற்ற மகன் அர்ஜுனன், சித்தப்பாவோடு வாக்குவாதம் முற்றி, செத்துப்போன தன் அப்பனைப் போலவே குடையைச் சட்டைக் காலரின் பின்னால் மாட்டிக்கொண்டு லோரி ஏறிப் போனான். சிங்கப்பூர் என்று கேள்வி. கேள்வியோடு சரி.

எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பியபோது, துரையம்மா வீட்டுச் சாமான்களை விற்றாள். அதில் ஒரு ஜப்பான் கேமராவை அண்ணி கொழுந்தனுக்காக வாங்கிய விதத்தைப் பற்றி பிரிஞ்சாங் பசாரில் இன்றும் பேசுகிறார்கள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. கேமராவைக் கையில் எடுத்தாள், திருப்பினாள், நாக்கைத் தட்டினாள், கீழே வைத்தாள், வாசல்வரை நடந்தாள். துரையம்மா கூப்பிட்டாள். வந்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி நாக்கைத் தட்டினாள். முடிவில் பாதி விலைக்குக் கேமராவும், விலையே இல்லாமல் ஃப்ளாஷும் தோல் பையும் வீட்டுக்கு வந்தன. துரையம்மா கடைசியில் நன்றி சொன்னாளாம். நல்ல வியாபாரத்தில் தோற்றவர்தான் நன்றி சொல்வார்.

அந்தக் கேமராவோடு சாம்பசிவத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இன்றைக்குத்தான். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சேக் தாவூத் பாயின் மகள் சலீமாவுக்கு நிக்காஹ். ஈப்போவிலிருந்து படக்காரரை அழைக்கச் சொன்னவர்களை பாய் அடக்கிவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் பினாங்கு ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். மகன் கல்யாணத்தை அவர் படத்தில்தான் பார்க்க வேண்டும். மறுபடி எடுக்க முடியாத படம்.

நேற்று ஆயுத பூஜை.

அருவாளை உறையிலிருந்து உருவித்தான் சாமி முன் வைப்பார்கள். தையல் மெஷினின் மூடியைக் கழற்றித்தான் வைப்பார்கள். ஆயுதத்தை மூடி வைத்துக் கும்பிட்டால் சாமிக்கு எப்படித் தெரியும் என்பது அண்ணியின் வாதம். சாம்பசிவத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. லென்ஸைக் கழற்றித் தனியாக வைத்தான், பின்கதவைத் திறந்து வைத்தான், கேமராவின் வாயும் முதுகும் திறந்தபடி சாமிக்கு முன் உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம், திருநீறு, சாம்பிராணி எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. மறுநாள் விடியும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் அவனும் தொடவில்லை.

விடிந்தது. தொட்டான்.

லென்ஸை மாட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தவனுக்கு வாசலில் நின்ற கொய்யா மரம் தெரியவில்லை. எதிரே சுவரும் தெரியவில்லை. பால்மாவு கரைத்த தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. வெளியே பனி என்று முதலில் நினைத்தான். லென்ஸைக் கழற்றிப் பார்த்தான். கேமராவின் வயிற்றுக்குள் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகத் தேய்த்த தடம். மூலை முடுக்கெல்லாம் சாம்பல்.

“பவளம்.”

தன் தையல் மெஷினில் வைத்த பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் வந்தாள்.

“இதுக்குள்ள கைய வச்சது யாரு?”

பவளம் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம், குத்துவிளக்கைத் தங்கம் மாதிரி ஆக்கிய அதே திருநீற்றுத் துணியோடு ருக்குமணி அக்கா அந்தக் கேமரா பக்கம் குனிந்ததை அவள் பார்த்தாள். கண்ணாடி மங்கிக் கிடக்கிறது என்று அக்கா முணுமுணுத்ததையும் கேட்டாள். இரண்டு அடுப்புக்காரிகள் அல்லவா, வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தாள்.

“நான்தான். மங்கலா இருந்துச்சேன்னு தொடச்சேன்.”

அந்தச் சமயம் வீட்டின் பின்கதவு வழியாக விறகுக் கட்டோடு உள்ளே வந்த ருக்குமணி, கட்டை இறக்காமல் அப்படியே நின்றாள்.

சாம்பசிவம் கத்துவான் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவன் கத்தவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

“பாய் வீட்டு நிக்காஹ் மத்தியானம்,” என்றான். “ஈப்போக்காரன வேணாம்னு எனக்காகச் சொன்ன மனுசன். நான் போயி எந்த மூஞ்சிய காட்டுறது?”

பவளம் குனிந்து ஊதப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

“வாயால ஊதாத லா. எச்சில் பட்டா சாம்பல் அங்கயே ஒட்டிக்கும். அப்பறம் பூஞ்சை புடிக்கும். இந்த ஊர் ஈரத்துக்கு செருப்புக்கே பூஞ்சை புடிக்குது.”

“துணியால?”

“துணியால தொடச்சதுதான் இது.”

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவதில் ஒரு சௌகரியம் உண்டு, மனசாட்சி உறுத்தாது. உறுத்தல் முழுவதும் விறகுக் கட்டோடு நின்றவளிடம் இருந்தது.

“காத்து வேணும்,” என்றான் சாம்பசிவம். “எச்சில் இல்லாத காத்து. கடையில அதுக்குன்னே ரப்பர் பல்பு விக்கிறான், ஈப்போவுல.”

அப்போதுதான் கீழ்ப்பாதையில் அந்தச் சத்தம் கேட்டது. பாம், பாம். ரொட்டி விற்கும் முகம்மது பாயின் மோட்டார் சைக்கிள். கைப்பிடியில் பித்தளை ஊதல், அதன் வாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுப்பு ரப்பர் உருண்டை. அமுக்கினால் காற்று.

விறகு பொத்தென்று விழுந்தது. ருக்குமணி படி இறங்கி ஓடினாள்.

“பாய், அந்த ரப்பர கழட்டிக் குடுங்க.”

முகம்மது பாய் ஊதலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, ரொட்டி கேப்பாங்க, காயா ஜாம் கேப்பாங்க. ஊதல கேட்ட மொத ஆள் நீங்கதான்.”

“சேக் தாவூத் பாய் வீட்டுக் கல்யாணப் படம் அதுலதான் இருக்கு.”

“ஊதலுக்குள்ளயா?”

“கழட்டுங்க, பாய். ரெண்டு ரொட்டி வாங்கிக்கிறேன்.”

“மூணு.”

“ஒண்ணு.”

ஏறவேண்டிய பேரம் இறங்குவதைப் பார்த்து பாய் அவசரமாக ரப்பரைத் திருகிக் கழற்றினார். “ரெண்டே இருக்கட்டும். கீழ் லைன் முடிச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள குடுத்துருங்க.” மோட்டாரைக் கிளப்பியபடியே, “இன்னைக்கு யாவாரமே விநோதம்க்கா. காலையில தானா ராத்தா பஸ் ஸ்டேஷன்லேருந்து ஒரு ஆள பின்னால ஏத்திட்டு வந்தேன். ரோட்டு வளைவுல எறங்கிட்டான். எந்த வீடுன்னு கேட்டா பதிலில்ல. அங்கயே நின்னுட்டு இருக்கான்,” என்றார்.

“கணக்கெடுக்க வந்த கவர்மென்ட் ஆளா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் ரப்பரோடு மேலே ஓடினாள். கீழ் லைனில் பாய் தன் சொந்தத் தொண்டையால் “ரொட்டி, ரொட்டி” என்று கூவ வேண்டியதாயிற்று. இருமல்தான் அதிகம் விற்றது.

வீட்டுக்குள் இரண்டு அடுப்புப் புகை. அங்கே கேமராவைத் திறக்க முடியாது. பின்னால் தகரம் அடித்த குளிக்கும் அறையில் சாம்பசிவம் வெந்நீரைத் தரையெல்லாம் ஊற்றினான். ஆவி எழுந்து, காற்றில் மிதந்த தூசியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. ஆவி அடங்கி அறை குளிர்ந்த பிறகுதான் கேமராவை உள்ளே கொண்டுபோனான். ஈரம் ஏறினால் சாம்பல் சந்தனம் மாதிரி குழைந்துவிடும்.

“எல்லாரும் கூடுனா தூசி வரும்,” என்றான்.

“ஒரு ஆள் புடிக்கணும், ஒரு ஆள் அமுக்கணும், ஒரு ஆள் வெளக்கு காட்டணும்,” என்றாள் ருக்குமணி. “உனக்கு எத்தன கை?”

மூன்று பேரும் உள்ளே போனார்கள். ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இல்லை. புளிச் சண்டைக்குப் பிறகு இரண்டு பெண்களும் இவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை.

சாம்பசிவம் கேமராவை வாய் கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்தான். விழுகிற சாம்பல் கீழே விழட்டும் என்று. அண்ணி கீழிருந்து ரப்பரை அமுக்கினாள். பவளம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டார்ச் காட்டினாள். புஸ். புஸ். சாம்பல் இலேசான மழை போல் இறங்கியது. எதையும் தொடவில்லை, துடைக்கவில்லை. பின்கதவைத் திறந்து அங்கேயும் புஸ். லென்ஸ் மாட்டும் வளையத்தில் இருந்த குங்குமத்தை மட்டும், புது ஃபிளானல் துணி சுற்றிய ஈர்க்குச்சியால் பவளம் எடுத்தாள். ஊசியில் நூல் கோர்க்கிற கை.

கண்ணில் வைத்துப் பார்த்தான். கொய்யா மரம் தெரிந்தது. கண்ணாடியில் இரண்டு கீறல் மட்டும் மிச்சம்.

“கீறல் படத்துல வராது,” என்றான். “அந்தக் கண்ணாடி நாம பாக்குறதுக்கு மட்டும்தான். படம் எடுக்கும்போது அது மேல போயிரும். படத்துல வர்றது பின்னால ஃபிலிம் ஓடுற எடத்துல இருக்கிற அழுக்குத்தான். அது கண்ணுக்குத் தெரியாது.”

“அப்ப எப்படிக் கண்டுபுடிக்கிறது?” என்றாள் பவளம்.

“ஒண்ணுமே இல்லாதத படம் எடுக்கணும். வெள்ளையா, வெறுமையா. அதுல புள்ளி விழுந்தா தெரிஞ்சிரும்.”

இந்த மலையில் ஒன்றுமில்லாததற்குப் பஞ்சம் கிடையாது. வாசலுக்கு வெளியே தேயிலைச் சரிவு முழுவதும் பனி மூடிக் கிடந்தது. சின்னத் துண்டு ஃபிலிமை மாட்டிக்கொண்டு சாம்பசிவம் பனியைப் படம் எடுத்தான். ஒரு பனி, இன்னொரு பனி. பவளம் பக்கத்தில் நின்று, கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போல் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம்மது பாயிடம் ரப்பரைக் கொடுத்துவிட்டு ருக்குமணி பனிக்குள்ளிருந்து ஏறி வந்தாள். கையில் இரண்டு ரொட்டி. சாம்பசிவம் அழுத்தினான்.

“என்னை ஏன் எடுக்குற? ஃபிலிம் தண்டம்.”

“நெகட்டிவ்ல வெறும் பனி மட்டும் இருந்தா எது மேல எது கீழன்னு தெரியாது அண்ணி. ஒரு ஆள் வேணும்.” அது பொய். அவளிடம் தன் படம் ஒன்றுகூட இல்லை என்பது அவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஊரையெல்லாம் எடுத்திருக்கிறான்.

அவள் கிட்டே வந்து நின்றாள். ரொட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“தம்பி. பவளம் சொன்னது பொய். தொடச்சது நான்.”

“தெரியும் அண்ணி.”

“எப்படி?”

“பவளத்துக்குத் திருநீறு மூக்குல ஏறுனா தும்மல் நிக்காது. சாம்பல் பூராவும் அந்தக் கண்ணாடியில இருந்துச்சு, தும்மலே கேக்கல. அத விடுங்க, தொறந்து வச்சது யாரு? நான்.”

ருக்குமணி பவளத்தின் பக்கம் திரும்பினாள். “நீ ஏன்டி ஏத்துக்கிட்ட? என்னைத் திட்டு வாங்க வச்சிருந்தா உனக்கு ஒரு வாரத்துக்கு வயிறு நெறஞ்சிருக்குமே.”

பவளம் முந்தானை நுனியைப் பார்த்தாள். “நீங்க வாங்குன கேமரா அக்கா. உங்க கையாலயே கெட்டுச்சுன்னு இருக்க வேணாம்னு தோணுச்சு. என் மேல போட்டா அது வழக்கம்தானே.”

ருக்குமணி ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பவளத்தின் கையில் வைத்தாள். அவள் பேரம் பேசாமல் கொடுத்த முதல் பொருள் அதுதான்.

சாம்பசிவம் அடுப்படி ஜன்னலைக் கம்பளியால் மூடி ஃபிலிமைக் கழுவினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். புள்ளி இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும், மேல் பக்கத்தில், ஒரே இடத்தில், குறுக்காக ஒரு கோடு. முடி மாதிரி மெல்லிய கோடு.

“போச்சு,” என்றான்.

பவளம் வாங்கிப் பார்த்தாள். “தையல் மெஷின்ல துணி ஓடுறப்ப ஒரே எடத்துல கோடு விழுந்தா, துணி மேல தப்பில்ல. துணிய இழுக்கிற பல்லுல ஏதோ மாட்டியிருக்கு.”

பின்கதவைத் திறந்து மூன்று தலைகளும் குனிந்தன. ஃபிலிம் சறுக்கிப் போகும் வழுவழுப்பான ஓரத்தில், காய்ந்த சந்தனம் ஒரு கடுகு. பவளம் ஈர்க்குச்சியால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

மறுபடி சோதித்துப் பார்க்க நேரமில்லை. முகம்மது பாய், ஊதல் திரும்ப முளைத்த சந்தோஷத்தில், தானா ராத்தாவுக்குத் திரும்பிப் போகக் கீழே பாம் பாம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக் கடை மாடியில் பிரியாணி வாசனை படியிலேயே வரவேற்றது. சேக் தாவூத் பாய் புதுத் தொப்பியும் பழைய அவசரமுமாக அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தார்.

“வா தம்பி, மொதல்ல சாப்பிடு. பசியோட எடுத்தா பசியான படமா வரும்.”

சாம்பசிவம் சாப்பிட உட்காரவில்லை. வரும் வழியெல்லாம், மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து, சொல்வதா வேண்டாமா என்று யோசித்து வந்திருந்தான். வாயை மூடிக்கொண்டு எடுத்துவிட்டால் நாளைக்குத்தான் தெரியும். ஆனால் தெரியும்.

“பாய், ஒரு விசயம். நேத்து பூஜையில கேமராவுக்குள்ள திருநீறு போயிருச்சு. சுத்தம் பண்ணிட்டேன். காலையில படத்துல மேல் பக்கமா ஒரு கோடு விழுந்துச்சு. அதையும் எடுத்துட்டோம்னு நெனக்கிறேன். ஆனா கழுவிப் பாத்தாத்தான் நிச்சயம். பிரிஞ்சாங்ல ஸ்டூடியோ இருக்கு. இப்பச் சொன்னா ஆள் வந்துரும்.”

சேக் தாவூத் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனையோ சந்தைக்காரர்கள் விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

“கோடு எங்க விழுந்துச்சு?”

“மேல.”

“எப்பவும் மேலதானா?”

“ஒரே எடம்.”

“அப்பறம் என்ன? எல்லாரையும் கொஞ்சம் கீழ வச்சு எடு. கோடு விழுந்தா கூரையில விழட்டும். கூரைக்குக் கல்யாணமா நடக்குது?” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடிபட்ட தக்காளிய எந்தப் பக்கம் திருப்பி அடுக்கணும்னு எனக்குத் தெரியாதா. ஆனா தம்பி, அடிபட்டிருக்குன்னு வாங்க வந்தவன்கிட்ட சொன்ன யாவாரிய நான் பாத்ததில்ல. நீயே எடு. சம்பந்தி கண்ணுக்குப் புள்ள மொகம் தெரிஞ்சாப் போதும்.”

சாம்பசிவம் எடுத்தான். மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவதை, சலீமா தலைமுக்காட்டுக்குள் சிரிப்பை அடக்குவதை, ஆஸ்பத்திரியில் இருக்கும் தகப்பனாருக்காக மாப்பிள்ளை நேராகக் கேமராவைப் பார்த்து சலாம் சொல்வதை. ஒவ்வொன்றிலும் தலைக்கு மேல் நிறையக் கூரை.

மாலை வீடு திரும்பிக் கழுவினான். இரண்டு பெண்களும் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சுருளை வெளியே கொண்டுவந்து வானத்தை நோக்கிப் பிடித்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“கோடு இல்ல,” என்றான்.

பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அவ்வளவு கூரையும் வீண்தானா?” என்று கேட்டாள். ருக்குமணி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

இருட்டிய பிறகுதான் லைனுக்குக் கரண்ட் விடுவார்கள், அது வந்ததும் பிரிண்ட் போட உட்கார்ந்தார்கள். சிவப்பு விளக்கின் கீழ் சலீமா வந்தாள், மாப்பிள்ளை வந்தான், சலாம் வந்தது. பினாங்குக்குப் போகவேண்டிய படங்கள் கொடியில் காய்ந்தன.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்று சாம்பசிவம் காலைத் துண்டுச் சுருளை எடுத்தான். “பெருசாவே போடுறேன்.”

தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் வெள்ளைத் தாள் மெல்லக் கறுத்தது. முதலில் கோடு வந்தது, துணி காயப்போடும் கம்பி போல் குறுக்கே. அதன் கீழே பனி. பனிக்கு முன்னால், இரண்டு ரொட்டியோடு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண்.

ருக்குமணி குனிந்து பார்த்தாள். “நான் இப்படியா இருக்கேன்?”

“இப்படித்தான் அண்ணி. பேரம் பேசப் போற மாதிரி.”

“அந்தக் கம்பி?”

“நீங்க வச்ச சந்தனம்.”

“இருக்கட்டும். அத அழிச்சிராத.” தாளை விட்டுக் கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. “எனக்கு ஒரு படம் இருக்குன்னு ஆயிருச்சு. நல்லா இருங்க ரெண்டு பேரும்.”

தாள் இன்னும் கறுத்துக்கொண்டிருந்தது. பனியின் உள்ளே, ருக்குமணிக்குப் பின்னால், ரொட்டி பாய் சொன்ன அந்த வளைவில், கல் பக்கத்தில் ஒரு நிழல் திரண்டது.

“அக்கா, உங்களுக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்க,” என்றாள் பவளம்.

முகம் இல்லை, பனி விழுங்கியிருந்தது. ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் ஆள். தோளுக்கு மேல், கழுத்தின் பின்புறம், கொக்கி போல் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. காலரில் மாட்டிய குடை.

சாம்பசிவத்தின் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது.

ருக்குமணி எழுந்தாள். வாசற்கதவின் தாழ்ப்பாளை விலக்கி, கதவைப் பாதி திறந்து வைத்தாள். வெளியே வளைவு தெரியவில்லை, பனி இறங்கியிருந்தது. திரும்பி அடுப்படிக்குப் போய், பவளத்தின் அடுப்பில் ஏறியிருந்த உலையைத் திறந்து பார்த்தாள். தன் ராஜ்யத்து அரிசியிலிருந்து ஒரு டின் அளந்து அதில் போட்டாள். சற்று நின்றாள். இன்னொரு டின் போட்டாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரே அடுப்புதான் எரிந்தது.